இருபத்தோராம் நாள் கவாத்து

முப்பத்தெட்டுக் குளிர்காலம் திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்தவன் நான். பெயர் அதெமார் பெத்தான்கோர். லாஸ் பியெத்ராஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் என்னை ‘ரெண்டு மொட்டு’ என்று கூப்பிடுவார்கள். ஒரு கிளையில் இரண்டு மொட்டு விடுவதா, மூன்று விடுவதா என்று மற்றவர்கள் நின்று யோசிக்கிற நேரத்தில், நான் இரண்டை விட்டு வெட்டிவிட்டு அடுத்த கொடிக்குப் போயிருப்பேன். யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. பதினேழு வயதில் கையில் ஒரு கத்தரியைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். முன்னால் போகிறவன் வெட்டுவதைப் பார்த்து நானும் வெட்டினேன். அவன் எங்கே தப்பாக வெட்டினான் என்பதை, துளிர் விடும் காலத்தில் திரும்பப் போய்த் தனியாகப் பார்த்துக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

ஐம்பத்தைந்து வயதில் வலது முட்டி என்னைக் கைவிட்டது. மே மாதம் அறுவை செய்தார்கள். இனி ஈர மண்ணில் மண்டியிடக் கூடாது, வரிசையில் குனிந்து நடக்கக் கூடாது என்றார் மருத்துவர். மீனவனிடம் நனையாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. வீட்டில் உட்கார்ந்தேன். ஜூன் மாதம் முடிவதற்குள் என் மனைவி நீபியாவின் ரோஜாச் செடிகளுக்குக் கவாத்து செய்தேன். அடுத்து பக்கத்து வீட்டு எலுமிச்சை. அடுத்து தெருமுனை மருந்துக்கடையின் வேலிச்செடி. அந்தக் கடைக்காரர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. அவர் வந்து நீபியாவிடம் புகார் சொன்ன அன்றுதான் எனக்கு வேலை தேடும் பொறுப்பை அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

நீபியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் மகள் யானீனா, ஊர் ஓரத்தில் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் கஞ்சா வளர்க்கும் சங்கத்தை நடத்துகிறாள். எங்கள் நாட்டில் அதற்குச் சட்ட அனுமதி உண்டு. முறைப்படி பதிவு செய்த சங்கம்; முப்பத்துச் சொச்சம் உறுப்பினர்கள்; விளைவதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அங்கே செடிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. செடியெல்லாம் இடுப்பு உயர மேசைமேல். வேலை ஸ்டூலில் உட்கார்ந்தபடி. தலைக்குமேல் கூரை, காலடியில் காய்ந்த தரை. என் முட்டிக்காகவே யாரோ யோசித்துக் கட்டிய இடம் போல இருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்தது ஒரு கிடங்கில் வாசல் காவல்தான் என்று நீபியா சொல்லிவிட்டாள். வாசல் காவலில் வெட்டுவதற்கு எதுவும் கிடையாது.

யானீனாவுக்கு முப்பத்துமூன்று வயது இருக்கும். என் முப்பத்தெட்டு வருடக் கதையைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூன்று விதையை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். கூடவே ஒரு விளக்கு, இரவல்.

“இது தானாப் பூக்கிற வகை, பெரியவரே. வெளிச்சம் கூடுது குறையுதுன்னெல்லாம் பாக்காது. வயசு வந்தா பூத்துடும். விதை போட்டதுலருந்து எழுபத்தஞ்சு நாள். வீட்டுக்குள்ளயே வளத்து, காயவெச்சுக் கொண்டாங்க. அப்புறம் வேலையப் பத்திப் பேசுவோம்.”

என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன்.

“தண்ணி, வெளிச்சம். மத்தபடி சும்மா இருக்கணும். உங்களுக்கு அது தெரியுமான்னுதான் நான் பாக்கணும்.”

தெரியும் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. நாற்பது ஏக்கரைக் கையாண்டவனிடம் மூன்று விதையைக் கொடுத்து, சும்மா இருப்பாயா என்று ஒருத்தி கேட்கிறாள்.

தபால் ஆபீசுக்குப் போய், சட்டம் கேட்கிறபடி, வீட்டில் கஞ்சா வளர்ப்பவன் என்று பதிந்து, கைரேகை வைத்தேன். நீபியா தன் துணி அலமாரியில் பாதியை எனக்குக் கொடுத்தாள். எங்கள் பக்கம் ஆகஸ்ட் நடுக் குளிர்காலம். கோட்டுகளை எல்லாம் சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகில் போட்டாள். அலமாரியின் உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டி, விளக்கை மாட்டி, ஒரு சின்ன மின்விசிறியும் வைத்தேன். எட்டாம் தேதி மூன்று தொட்டியில் மூன்று விதை.

மண்ணில் என் முதல் புத்திசாலித்தனம். தேநீர் மாதிரி நாங்கள் குடிக்கிற மாத்தே இலையின் சக்கையை எங்கள் வீட்டில் குப்பையில் போட்டதே இல்லை. காலையில் குடித்து முடித்ததும் குவளையைப் பக்கத்தில் இருக்கிற தொட்டியில் கவிழ்த்துத் தட்டுவோம். என் அப்பா அப்படித் தட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் தட்டுகிறார், எல்லார் வீட்டு ஜெரேனியப் பூச்செடியும் அதிலேதான் நிற்கிறது. இரண்டாம் நாள் காலை, பாதி தூக்கத்தில், குவளையை முதல் தொட்டியில் தட்டினேன். மூன்றாம் நாளும் அதே தொட்டியில். ஐந்தாம் நாள் அந்தச் சக்கைமேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஏழாம் நாள் சின்னச் சின்ன ஈக்கள் கிளம்பின. விரலால் கிளறிப் பார்த்தேன். விதை வேகவைத்த பருப்பு மாதிரி நசுங்கியது. அந்தத் தொட்டியை ஈக்களோடு கொல்லைக்குக் கொண்டுபோனேன். மீதி இரண்டு.

அந்த இரண்டும் நன்றாக வந்தன. தண்டு தடிப்பு, இலை நல்ல பச்சை, கணுவுக்குக் கணு சரியான இடைவெளி. தினமும் காலையில் அளவுகோல் வைத்து அளந்தேன். நாள் பதினைந்தில் எட்டு சென்டிமீட்டர், பதினெட்டில் பன்னிரண்டு. கதவைத் திறந்து ஸ்டூலைப் போட்டு, முட்டியை நீட்டி, முன்னால் உட்கார்ந்துவிடுவேன். டிவி வாங்கியது வீண் என்றாள் நீபியா.

இருபத்தோராம் நாள் ஆகஸ்ட் இருபத்தெட்டு. விடிந்ததிலிருந்து மழை. காலை பத்து மணிக்கு என் பழைய கூட்டத்தின் மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டான். மழைக்காக எல்லாரும் கொட்டகையில் ஒதுங்கி, மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள், சத்தம் கேட்டது. வடக்குப் பக்கத்து டனாட் திராட்சைக் கொடிகளை நான் இல்லாமலே முடித்துவிட்டதாகச் சொன்னான். என் இடத்தில் வந்திருக்கிறவன் கொஞ்சம் நிதானம், ஆனால் பரவாயில்லை என்றான். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன். பதினேழு வயதுக்குப் பிறகு, கையில் கத்தரி இல்லாமல் நான் பார்க்கும் முதல் ஆகஸ்ட் அது.

அலமாரியைத் திறந்தேன். இரண்டு செடியும் ஐந்து கணு விட்டு, நிமிர்ந்து நின்றன. ஒரு கொடி இப்படி நேராக உச்சிக்கே ஓடினால் என்ன செய்வோம்? உச்சியை எடுத்தால் பக்கக் கிளை இரண்டு கிளம்பும். ஒன்றுக்கு இரண்டாகக் காய்க்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கத்தரி எப்படி என் கைக்கு வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது இருந்தது சமையலறை இழுப்பறையில்; அங்கே நான் நடந்து போயிருக்க வேண்டும். மூன்றாம் கணுவுக்குமேல், கொஞ்சம் சாய்வாக, ஒரே வெட்டு.

அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தால்கூட, மற்றது பிழைத்திருக்கும். ஆனால் வரிசையைப் பாதியில் விட்டுக் கத்தரியைக் கீழே வைக்கிறவன் கவாத்துக்காரன் இல்லை. இரண்டாவதையும் வெட்டினேன். வெட்டின இரண்டு உச்சியையும் குப்பையில் போட்டேன். மனசு முதல்முறையாக அந்த மாதம் நிம்மதியாக இருந்தது.

பெருமை தாங்காமல் வில்மாரைக் கூப்பிட்டேன். வில்மார் நீபியாவின் தம்பி. கடற்கரைப் பக்கம் அவன் வீட்டுக் கொல்லையில் வருஷத்துக்கு ஆறு செடி வளர்க்கிறான். ஆள் உயரம் வரும்.

“நுனியக் கிள்ளிட்டியா மச்சான்? நல்லது. நானும் கிள்ளுவேன். ஒரு மாசத்துல புதர் மாதிரி வந்துடும்.”

ஒரு மாதத்தில் அது பூக்கவே ஆரம்பித்துவிடுமே என்றேன்.

“எது பூக்கும்? நீ விளக்கு நேரத்தக் குறைக்கிற வரைக்கும் பூக்காது.”

“இது விளக்கப் பாக்காதாம். வயசு வந்தா பூக்குமாம். எழுபத்தஞ்சு நாள் கணக்கு.”

அந்தப் பக்கம் அவன் வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

“மச்சான். தானாப் பூக்கிறதயா வெட்டின?”

“ஆமா.”

“ரெண்டையுமா?”

“ஆமா.”

“அதுக்கு ஆயுசே எழுபத்தஞ்சு நாள்தான்யா. புண்ணு ஆறவே அது பத்து நாள் படுத்துக்கும். திராட்சைக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு எது?”

நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். இரண்டு உச்சியும் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் வாடாமல் கிடந்தன. ஒட்டுக் கட்டுவதில் நான் சோடை போனவன் இல்லை. தண்டைப் பிளந்து, உச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, ஒட்டு நாடாவைச் சுற்றினேன். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. நீபியா மாலையில் வந்தாள். அலமாரியில் ஒரு சட்டையை எடுக்கப் போனவள், இரண்டு செடியும் கழுத்தில் கட்டோடு நிற்பதைப் பார்த்தாள்.

“இதுங்களுக்கும் முட்டி ஆபரேஷனா, கிழவா?”

உண்மையைச் சொன்னேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அந்தப் பொண்ணு உன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு,” என்றாள். “சும்மா இருன்னு.”

மறுநாள் காலை ஒட்டு வைத்த உச்சிகள் தலை தொங்கி நின்றன. அதற்கு அடுத்த நாள் கருகின. ஒட்டுக்காகப் பிளந்த இடத்தை மறுபடியும் ஒழுங்காகக் கீழே இறக்கி வெட்டவேண்டியதாயிற்று. ஆக, தொடக்கூடாத செடியை இரண்டு தடவை வெட்டினேன்.

செடிகள் பன்னிரண்டு நாள் அசையவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். விளக்கை இறக்கினேன், ஏற்றினேன். பேசிக்கூடப் பார்த்தேன்; திராட்சைக் கொடியிடம் ஒருநாளும் பேசாதவன் நான். வெட்டிய பதின்மூன்றாம் நாள் இரண்டு பக்கக் கிளையும் கொஞ்சம் நீண்டன. நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் கணுக்களில் வெள்ளை நூல் மாதிரிப் பூவின் தலை காட்டியது. செடியின் உயரம் அரைச் சாண். அதற்கு வயசு வந்துவிட்டது. அது என்னையோ, தன் உயரத்தையோ கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வாசனை வந்தது. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின மாதிரி வாசனை. செடிதான் சின்னது, வாசனை முழு அளவில் இருந்தது. நாற்காலிகளில் கிடந்த கோட்டில் அது ஏறி, கோட்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியை நீபியாவிடம் என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டிருக்கிறாள். நீபியா அடுத்த மாதம் முழுக்கக் கோட்டு இல்லாமல் வேலைக்குப் போனாள். குளிரில் மூக்கு சிவந்து திரும்பி வருகிறவளிடம், இன்று ஒரு செடியில் புது மொட்டு என்று நான் சொல்வேன். அவள் ஒருநாள் தோட்டத்துப் பார்ஸ்லிக் கீரையைக் கொஞ்சம் பிடுங்கி வந்து, செடிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். பார்ஸ்லி இரண்டு விரல் கூடுதல்.

அக்டோபர் இருபத்தொன்று, எழுபத்தைந்தாம் நாள், இரண்டையும் அடியில் வெட்டினேன். அந்த ஒரு வெட்டுக்கு மட்டும் எனக்கு உரிமை இருந்தது. தொங்கவிட்டுக் காயவைக்கத் தனியாக நூல் கட்டவேண்டி வரவில்லை. செருப்புப் பெட்டிக்குள் இரண்டும் படுத்துக்கொண்டன. பத்து நாளில் காய்ந்து இன்னும் சுருங்கின. நீபியாவின் சமையல் தராசில் வைத்தேன். முள் அசையவில்லை. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு வெங்காயத்தை வைத்துப் பார்த்தேன். தராசு நன்றாகத்தான் இருந்தது. பூவைத் தனியாக உதிர்க்கவும் மனம் வரவில்லை. செடியை அப்படியே, தண்டோடு, பீச் பழம் வந்த கண்ணாடி ஜாடிக்குள் இறக்கினேன். இரண்டு செடியும் உள்ளே போய், மூடியும் மூடியது.

ஞாயிற்றுக்கிழமை வில்மார் கறி சுட வந்தான். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு காரிலிருந்து தன் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே கட்டைவிரல் பருமனில் பூக்கள், ஏப்ரலில் அறுத்தவை.

“இதக் கொண்டுபோ. பூவப் பாத்து அப்பன் பேரு யாரு கேக்கப்போறா?”

வேண்டாம் என்றேன். இரண்டாவது துண்டுக் கறி வெந்து வருவதற்குள் சரி என்றேன். நீபியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிடங்கு வாசலில் நான் சீருடையோடு நிற்பது என் கண்ணில் தெரிந்தது. அந்தச் சீருடையில் பை கூட இல்லை, கையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறும்போது பையில் இரண்டு ஜாடி இருந்தது. எதை எடுப்பது என்று போய் முடிவு செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டையும் எடுத்துப்போகிறவன் முடிவு செய்துவிட்டவன்தான்.

யானீனா கொட்டகை வாசலில் வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். உறிஞ்சிவிட்டு, குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது பதற்றத்தில் நன்றி என்று சொல்லிவிட்டேன். மாத்தேக்கு நன்றி சொன்னால் எங்கள் ஊரில் இனி வேண்டாம் என்று அர்த்தம். முதல் குவளையிலேயே அப்படிச் சொல்கிறவன் ஒன்று வயிற்று நோயாளியாக இருப்பான், இல்லை எதையோ மறைப்பான். அவள் ஒரு புருவத்தைத் தூக்கினாள், அவ்வளவுதான். உள்ளே போய் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

நான் வில்மாரின் ஜாடியை எடுத்து வைத்தேன்.

மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். ஒரு பூவை எடுத்து விரலுக்கிடையில் மெதுவாக உருட்டினாள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மேசையில் தட்டினாள். இரண்டு மூன்று மணல் துகள் விழுந்தது.

“உங்க அலமாரிக்குள்ள கடற்காத்து அடிக்குமா, பெரியவரே?”

நான் அந்த மணலை விரலால் மேசை ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

“திராட்சையில டனாட் இலையயும் மெர்லோ இலையயும் கலந்து போட்டா பிரிச்சுடுவீங்களா?”

பத்து மீட்டர் தூரத்திலிருந்தே பிரிப்பேன் என்றேன். வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் அது எங்கே போய் நிற்கிறது என்று புரிந்தது. விதையைக் கொடுத்தவள் அவள். தன் கொட்டகையில் அதே செடியை வருஷக்கணக்கில் முகர்ந்து பார்க்கிறவள். அவளிடம் வேறு செடியின் பூவைக் கொண்டுவந்து, பூ பூதானே என்று வைத்தவன், இலையைப் பார்த்து ஜாதி சொல்கிற நான்.

“நான் குடுத்தது எலுமிச்ச வாசன அடிக்கும்,” என்றாள். “இது பைன் மரம். ஆறு மாசப் பழசு வேற. உங்களுது எங்க? செத்துடுச்சா?”

பைக்குள் கையை விட்டேன். பீச் ஜாடியை மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து, ஒரு செடியைத் தண்டைப் பிடித்து, பூங்கொத்து மாதிரி வெளியே எடுத்தாள். முழுச் செடி. அவள் உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டது. சிரிக்க ஆரம்பித்தவள், தண்டில் வெட்டு இருந்த இடத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“எந்த நாள்ல வெட்டினீங்க?”

“இருபத்தொண்ணு.”

“ஏன்?”

மழை, தொலைபேசி, பொரித்த மாவின் சத்தம் என்று நிறையக் காரணம் வைத்திருந்தேன். ஆனால், கை இருந்தது, வெட்டினேன் என்றேன். ஒட்டுக் கட்டியதையும் சொன்னேன். அதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒரு பொய்க்கு ஒரு முழு உண்மையாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றியது.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வெட்டை வெகுநேரம் பார்த்தாள். மற்றச் செடியையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் வெட்டு ஒரே சாய்வு, கணுவிலிருந்து ஒரே தூரம்; தண்டு நசுங்கவில்லை, நார் உரியவில்லை. தப்பான செடியில், தப்பான நாளில் செய்த சரியான வெட்டு. எழுந்து பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெளிச்சத்தைப் பார்த்துப் பூக்கிற வகையின் தாய்ச்செடிகள் நின்றன. வருஷம் முழுக்கப் பூக்கவிடாமல் வைத்து, அவற்றிலிருந்து குச்சி வெட்டி வேர் பிடிக்கவைப்பார்கள். ஒரு ஸ்டூலையும் ஒரு சின்னக் கத்தியையும் காட்டி, இருபது குச்சி எடுக்கச் சொன்னாள். உட்கார்ந்தேன். முட்டியை நீட்டினேன். இருபதும் எடுத்தேன். அவள் சொன்ன எண்ணிக்கையோடு நிறுத்தினேன். அவள் அவற்றைத் தட்டில் நட்டு, மூடி போட்டு மூடினாள்.

“வேர் பிடிக்க ரெண்டு வாரம். பிடிச்சா கூப்பிடறேன். இன்னொரு தடவ யாரோட பூவையாவது கொண்டாந்தீங்கன்னா, வாசல் அந்தப் பக்கம்.”

வில்மாரின் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாள். என் ஜாடியை வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நீபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வில்மாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவள் பத்து நிமிஷம் பேசினாள். அவன் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கறி சுட வரவில்லை. எனக்கு மட்டும் ஒரே வாக்கியம்தான் கிடைத்தது. பொய்யில நீ கத்துக்குட்டி, அதுலயாவது மனசு ஆறுது என்றாள்.

அந்த இரண்டு வாரமும் என் கையில் எதுவும் இல்லை. குச்சிகள் அங்கே, ஒரு மூடிக்குள். போய்க் கிளறிப் பார்க்க முடியாது, தண்ணீர் கூட்ட முடியாது. கிடங்குக்காரனிடமிருந்து ஆள் வந்தான். திங்கள்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றான். வியாழக்கிழமை யானீனா கூப்பிட்டாள்.

“பதினெட்டு,” என்றாள்.

இருபதில் பதினெட்டு. மற்ற இரண்டையும் பற்றி நான் கேட்கத் தொடங்கினேன். அதைக் கேட்காதீங்க, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வாங்க என்றாள். வாரத்தில் மூன்று காலை. குச்சி வெட்டுவது என் வேலை. தானாகப் பூக்கிற செடிகள் இருக்கும் அறைக்கு நான் தண்ணீர் எடுத்துப் போகலாம், கத்தியோடு போகக்கூடாது. கதவுக்கு வெளியே ஓர் ஆணி இருக்கிறது. கத்தியை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். எனக்காக அடித்த ஆணி. நீபியாவிடம் சொன்னபோது அவள் அலமாரியைத் திறந்து, வெள்ளித்தாளைக் கிழித்தெடுத்து, கோட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே மாட்டினாள்.

என் பீச் ஜாடி இப்போது சங்கத்தின் வரவேற்பு மேசைக்குமேல் உள்ள பலகையில் இருக்கிறது. முதல்முறையாக வீட்டுக்குள் வளர்க்கப்போகிறேன் என்று கேட்டு வருகிறவர்களை யானீனா என்னிடம் அனுப்பிவிடுவாள். நான் ஜாடியை இறக்கி, மேலே எழுதியதை எல்லாம் அவர்களுக்குச் சொல்லவேண்டும். மாத்தேச் சக்கை, ஒட்டு நாடா, வில்மாரின் மணல், எதையும் விடக்கூடாது என்பது பேச்சு. போன வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முடிதிருத்துபவர் வந்திருந்தார். நாற்பத்தைந்து வருட அனுபவம். முழுக் கதையையும் மரியாதையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். ஜாடியை வாங்கி, செடியின் உச்சி இருந்திருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார்.

“புரியுது,” என்றார். “ஆனா நுனிய மட்டும், லேசா, ரொம்ப லேசா ஒரு வாட்டி எடுத்துவிட்டா?”

அவருடைய வலதுகையில் இரண்டு விரல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.